கூமுட்டை

பாகூர் ஏரி தாண்டிக்
கரையாம்புத்தூர் போகும் சாலையில்
ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை எங்களுடையது.
எங்களுடையது என்றால்
அந்துவான் முதலாளியுடையது.
நானும் கமலக்கண்ணியும் சம்பளத்துக்கு.

காடை காலையில் முட்டையிடாது.
கோழி வளர்த்தவர்கள் விடியலில் வந்து ஏமாறுவார்கள்.
வெயில் சாய்ந்து
நாலு மணி பஸ்ஸின் ஹாரன் கேட்ட பிறகுதான்
கூண்டு கூண்டாகக் கம்பிச் சரிவில்
உருண்டு வரும், ஈரம் காயாமல்.
உடனே தொட்டால் நிறம் விரலில் ஒட்டும்.

ஒருத்தியின் கையெழுத்து இன்னொருத்திக்கு வராது.
பன்னிரண்டாம் கூண்டுக்காரி
பேனாவை உதறினாற்போல் பொடிப் புள்ளி வைப்பாள்.
முப்பத்தொன்றில் ஒருத்தி
கூர்முனையில் மட்டும் மையைக் கொட்டிவிட்டு
மிச்சத்தை அப்படியே விட்டுவிடுவாள்.
மைக்காரி என்போம் அவளை.

கடலூர் முதுநகரிலிருந்து
மாதம் ஒரு மூட்டை கிளிஞ்சல் தூள் வரும்.
தீவனத்தில் கலந்த கடல்
ஒரே இரவில் ஓடாகிவிடும்.
அக்னி நட்சத்திரத்தில் மட்டும் ஆகாது.
வாய் பிளந்து இரைத்து இரைத்தே
பறவை தன்னைத் தீர்த்துக்கொள்ளும்,
தோல்முட்டை பொத்தென்று விழும்.
அதற்கு யாரையும் குற்றம் சொன்னதில்லை.
வெயில், அவ்வளவுதான்.

ஐப்பசியில் வந்தது வேறு.
ஓடு கெட்டி. எடை குறையவில்லை.
ஏழாம் நாள் இருட்டறையில்
டார்ச்சின் வாயில் வைத்துப் பார்த்தால்
நரம்பில்லை, கண் வைத்த புள்ளியில்லை,
விளக்கேற்றிவிட்டு எல்லாரும் போய்விட்ட வீடு.
நூற்றில் அறுபது கூமுட்டை.
குஞ்சு கேட்ட நெல்லிக்குப்பத்துக்காரர்
முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

பெட்டை சரியில்லை என்றார் முதலாளி.
மாற்றினோம்.
மீன் தூள் கூட்டினோம், வைட்டமின் சொட்டு விட்டோம்,
யாரோ சொன்னார்களென்று எலுமிச்சம்பழமும் கட்டினோம்.
பெட்டை சரியில்லை.
மறுபடி மாற்றினோம்.
ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர்க் கறிக்கடைக்குப்
போன கூடையில் மைக்காரியும் இருந்தாள்.
மூடியை அழுத்திக் கட்டியது நான்தான்.

கால்நடை மருந்தகத்துக்குப் புதிதாக வந்த டாக்டர் ரெஜினா
ஒன்றுதான் கேட்டாள்:
சேவலுக்கு என்ன வயது?
முதலாளி சிரித்தார்.
நாமக்கல்லிலிருந்து தனி வண்டியில் வந்தவை மேடம்,
விலை தெரியுமா,
போன வருஷச் சரக்கு என்றாலும்
எப்படிக் கூவுகிறது பாருங்கள்.
கூவின. மார்பு புடைத்துக் கூவின.
அவள் ஒன்றைப் பிடித்து மல்லாத்தி
வாலடிப் புடைப்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
சவர சோப்பு மாதிரி வெள்ளை நுரை வரவேண்டுமாம்.
வரவில்லை.
இரண்டாவது. ஐந்தாவது.
இருபத்தேழு சேவலில் பத்தொன்பது
வெறும் சத்தம்.

முதலாளிக்கு ஏதோ போன் வந்தது, வெளியே போனார்.
மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.
நான் நோட்டைத் திறந்தேன்.
மூன்று மாதத்தில் கழித்த பெட்டை
நூற்று நாற்பத்தெட்டு.
சேவல் என்று எழுதிய இடத்தில் சிறு கோடு.
கல்யாணமாகி ஆறு வருஷத்தில்
மூன்று முறை தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்ட கமலக்கண்ணி
தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அது எப்போதோ வெளுத்துவிட்டது.

புதுச் சேவல்கள் வந்தன.
கூவத் தெரியாத இளசுகள்,
ஒன்றின் தலையில் ஒன்று ஏறி விழுந்தன.

கார்த்திகை மழை, கரண்ட் போய்வந்த ராத்திரி.
ஏழாம் நாள் தட்டு.
நான் பார்க்கிறேன் என்று
டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.
முதல் முட்டையிலேயே
செந்நூலில் பின்னிய சிலந்தி ஒன்று
நடுவில் துடித்தது.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
சூடு ஏறிவிடும், வை என்றேன்.
வைத்தாள்.
அடுத்தது.
அடுத்ததும் துடித்தது.
அதற்கடுத்தது கூமுட்டை.
அதைத் தனியே எடுத்து வைக்கையில்
கூண்டு எண்ணை நோட்டில் எழுதினாள்,
பக்கத்திலேயே
சேவலின் எண்ணையும்.